குட்டைக் கரையைக் கவனியுங்கள்

பீளமேட்டுக் கரிசல் காட்டில் பருத்தியும் சோளமும் விளைந்த காலம் போய், இன்று அங்கே ஆலைகளும் கல்லூரிகளும் விமான நிலையமுமே கண்ணில் படுகின்றன. ஆனால் அங்கிருந்து காளப்பட்டி, கீரணத்தம், அதற்கப்பால் அன்னூர் என்று வடக்கே போகப் போகத் தோட்டங்கள் இன்னும் இருக்கின்றன. தோட்டத்தின் தாழ்ந்த கோடியில், பள்ளம் இறங்கும் இடத்தில், அப்பனோ பாட்டனோ போட்ட மண் கரையும் அதற்குள் ஒரு குட்டையும் பல பண்ணையங்களில் உண்டு. உயரம் ஐந்தடி முதல் பத்தடி வரை இருக்கும். மழைக்கு நிற்கும் நீர் கிணற்றுக்கு ஊற்றாக இறங்கும். ஆடு மாடு குடிக்கும். அணை என்று யாரும் அதைச் சொல்வதில்லை. ஆனால் செய்யும் வேலையைப் பார்த்தால் அதுவும் ஒரு மண் அணைதான். பவானிசாகரின் 8 கிலோமீட்டர் மண் கரைக்கு வரக்கூடிய நோய்கள் எல்லாம் இந்த நூறு அடிக் கரைக்கும் வரும். அங்கே கரையைப் பார்க்க ஆட்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். இங்கே தோட்டக்காரர் ஒருவர்தான்.

இந்தக் கரைகளில் பெரும்பாலானவை பல ஆண்டுகள் காய்ந்து கிடந்தவை. கோவையின் ஆண்டு மழை சுமார் 650 முதல் 700 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் வந்து போய்விடும். குட்டை நிரம்பாத ஆண்டுகளில் கரையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சீமைக் கருவேல் முளைக்கும். எலி வளை தோண்டும். டிராக்டர் ஏறி இறங்கத் தடம் விழும். மதகு இருந்த இடம் தூர்ந்துபோகும்.

நிலைமை இப்போது மாறி வருகிறது. 2024 ஆகஸ்ட் 17-ல் தொடங்கி வைக்கப்பட்ட அத்திக்கடவு - அவினாசித் திட்டத்தில், பவானி ஆற்றின் உபரி நீர் 1.5 டி.எம்.சி. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 ஏரி, குளம், குட்டைகளுக்குக் குழாய் வழியாகக் கொண்டுவரப்படுகிறது. இவை பொதுக் குளங்கள். ஆனால் பொதுக்குளம் நிரம்பி மறுகால் போனால், கீழேயுள்ள தனியார் குட்டைக்கும் நீர் வந்து சேரும். வறண்ட கரை திடீரென்று நீரைத் தாங்க வேண்டிய நாள் வருகிறது என்பதுதான் இதில் விவசாயிகள் கவனிக்க வேண்டிய செய்தி. மண் கரைகளுக்கு மிக ஆபத்தான காலம் முதல் முறை நிரம்பும்போதுதான். இருபது ஆண்டு காய்ந்த பின் நிரம்புவதும் ஏறக்குறைய முதல் முறை நிரம்புவது போலத்தான்.

ஒரு ஏக்கரில் எவ்வளவு நீர்?

குட்டை சிறியது, உடைந்தால் என்ன ஆகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. கணக்குப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. ஒரு ஏக்கர் பரப்பில் சராசரி 6 அடி நீர் நின்றால் அது 2 லட்சத்து 61 ஆயிரம் கன அடி. லிட்டரில் சுமார் 74 லட்சம். எடையில் 7,400 டன். பத்து டன் லாரிகளில் ஏற்றினால் 740 லாரி பிடிக்கும். கரை அறுத்துக்கொண்டு அரை மணி நேரத்தில் இந்த நீர் வெளியேறினால், விநாடிக்கு சராசரி 145 கன அடி வெள்ளம் போகும்; உடைப்பு அகலும் நேரத்தில் இதைவிட அதிகம். கரைக்குக் கீழே பள்ளத்தோரம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையும் கட்டுத்தறியும் இருந்தால், இருட்டில் அங்கே தூங்குகிறவர்களுக்கு எழுந்து ஓட நேரம் இருக்காது.

இருட்டில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1977 நவம்பர் 6-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டொகோவா என்ற ஊரில், ஒரு கல்லூரிக்குச் சொந்தமான சிறிய மண் அணை நள்ளிரவு கடந்து உடைந்து 39 பேர் இறந்தனர். 1986 ஏப்ரல் 20-ல் இலங்கையின் கந்தளாய்க் குளத்துக் கரை அதிகாலையில் உடைந்தது. 120 பேருக்கு மேல் மாண்டனர். 2018 மே 9-ல் கென்யாவின் சோலாய் என்ற இடத்தில் ஒரு தனியார் பண்ணையின் பாசன அணை இரவில் உடைந்து, கீழே இருந்த குடியிருப்பில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் போயினர். 2019 ஜூலை 2-ல் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவாரே என்ற சிறிய மண் அணை உடைந்ததும் இரவில்தான்; இருபது பேர் அளவில் இறந்தனர். அது 2000-ல் கட்டி முடிக்கப்பட்டது. இருபது வயதுகூட ஆகவில்லை. கசிவு இருக்கிறது என்று கிராமத்தார் முன்பே முறையிட்டிருந்தனர். நண்டுகள் குடைந்ததே காரணம் என்று அப்போதைய அமைச்சர் ஒருவர் சொல்ல, நாடு முழுதும் அது கேலிக்கு ஆளாயிற்று. நண்டு மண் கரையைக் குடையும் என்பது பொய்யல்ல. ஆனால் நண்டு வளையைப் பார்த்து அடைக்க வேண்டியது மனிதர் வேலை.

இந்த நான்கும் இருட்டிய பிறகு நடந்தவை. கசிவு பகலிலேயே தொடங்கியிருந்தாலும், உடையும் வேளையில் பார்க்க ஆள் இல்லை என்பதே விஷயம்.

கரை மேல் நீர் ஏறக்கூடாது

மண் கரைகள் உடைவதற்கு மூன்று வழிகள் உண்டு. நீர் கரையின் தலைக்கு மேல் ஏறி வழிவது ஒன்று. உள்ளே கசிந்து, மண்ணை அரித்து, குழாய் போல வழி செய்துகொள்வது இரண்டு. கரையின் சரிவு நனைந்து அப்படியே சரிந்து விழுவது மூன்று. முதல் இரண்டுமே பெரும்பாலான உடைப்புகளுக்குக் காரணம்.

தலைக்கு மேல் ஏறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உள்ளது. திண்டுக்கல் பக்கம் வேடசந்தூர் அருகே கொடகனாற்றின் மண் அணை 1977 வெள்ளத்தில் உடைந்தது. வெள்ளம் வந்தபோது அடைப்புப் பலகைகளைத் தூக்க ஆட்கள் இருந்தனர், மின்சாரம் நின்றுபோயிற்று. மாற்று ஏற்பாடு செய்து, கையாலும் சுற்றிப் பார்த்தனர். பாதிதான் தூக்க முடிந்தது. அதற்குள் நீர் கரை மேல் ஏறி, வெளிப்புறச் சரிவில் அருவி போல் விழுந்து, ஒன்றல்ல, பல இடங்களில் கரையை அறுத்துவிட்டது. கல் கட்டடத்தின் மேல் நீர் வழிந்தால் தாங்கும். மண் தாங்காது.

சிறு குட்டைக்கு அடைப்புப் பலகையும் மின்சாரமும் இல்லை. கலிங்கு ஒன்றுதான் காவல். அந்தக் கலிங்கு எவ்வளவு அகலம் இருக்க வேண்டும் என்பதை விவசாயிகள் தாங்களே கணக்கிடலாம். ஒரு ஏக்கரில் ஒரு மணி நேரத்தில் ஒரு அங்குலம் மழை பெய்து அத்தனையும் ஓடினால், அது விநாடிக்கு ஒரு கன அடி நீர். நினைவில் வைக்க இதைவிட எளிய கணக்கு இல்லை. குட்டைக்கு நீர் வடியும் மேட்டுப் பரப்பு 25 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2 அங்குலம் மழை பெய்து, பாதி மண்ணில் இறங்கி, பாதி ஓடினால் வருவது விநாடிக்கு 25 கன அடி. கலிங்கின் மேல் ஓரடி ஆழம் நீர் போனால், ஒவ்வோர் அடி அகலத்துக்கும் சுமார் இரண்டரை கன அடி வெளியேறும். ஆக, பத்தடி அகலம் வேண்டும். ஏற்கனவே நனைந்த நிலத்தில் மழை பெய்தால் பாதிக்கு மேல் ஓடும். ஆகவே பதினைந்து அடி வைத்தால் நிம்மதி. மேட்டில் வேறொரு குட்டை இருந்தால், அது உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

இங்கேதான் பலர் தவறு செய்கின்றனர். குட்டை நிரம்பி மறுகால் போகும்போது, வீணாகப் போகிறதே என்று மனம் பொறுக்காமல், கலிங்கில் மணல் மூட்டையோ பலகையோ வைத்து அரையடி கூட நீர் தேக்குகிறார்கள். கலிங்கின் மேல் ஓரடி ஆழம் போக வேண்டிய இடத்தில் அரையடிதான் போக முடிந்தால், வெளியேறும் நீர் பாதியாகக் குறைவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். அரையடி நீருக்கு ஆசைப்பட்டு கலிங்கின் மூன்றில் இரண்டு பங்கை அடைத்துவிடுகிறார்கள் என்று பொருள். மீன் போகாமலிருக்க வலையும் முள்ளும் கட்டுவதும் இதே தவறுதான். வெள்ளத்தில் வரும் சருகும் பிளாஸ்டிக்கும் அந்த வலையில் அப்பி, ஒரு மணி நேரத்தில் சுவர் எழுப்பிவிடும்.

கலிங்கு, போட்ட மண்ணின் மேல் இருக்கக்கூடாது. கரையின் ஓரத்தில், வெட்டாத கெட்டித் தரையில் இருக்க வேண்டும். அதிலிருந்து போகும் நீர் கரையின் அடிவாரத்தைத் தொடாமல் விலகிப் போய்ப் பள்ளத்தில் சேரவேண்டும். கலிங்கில் உச்ச அளவு நீர் போகும்போதும் கரையின் தலை அதற்கு மேல் குறைந்தது இரண்டடி நிற்கவேண்டும். புதுக் கரை பத்தடிக்கு ஓரடி வரை அமிழும் என்பதால், போடும்போதே அந்த ஓரடியைக் கூட்டிப் போடுவது நல்லது. பழைய கரையில் நடுவில் மட்டும் அமிழ்ந்து தொட்டில் போல் இருக்கிறதா என்று பார்க்க, இரு முனைகளிலும் குச்சி நட்டுக் கயிறு கட்டினால் போதும். நீர் வழிந்தால் முதலில் அந்தத் தொட்டிலில்தான் வழியும். கரை அதிக உயரமாக உள்ள இடமும் பெரும்பாலும் அதுவே.

கசிவு: தெளிவா, கலங்கலா?

கசியாத மண் கரை இல்லை. நீர் நிரம்பிய குட்டையின் வெளிப்புற அடிவாரம் சற்று ஈரமாக இருந்தால் பயப்பட வேண்டியதில்லை. அங்கே கோரைப் புல் பச்சையாக முளைத்திருப்பதைப் பார்த்தே கசிவு இருக்கும் இடத்தைச் சொல்லிவிடலாம். கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டுதான்: வரும் நீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா? நேற்றைவிட இன்று அதிகமா?

தெளிந்த நீர் ஒரே அளவில் வந்தால், அதைச் சிறு வாய்க்கால் வெட்டி ஓரிடத்துக்குக் கொண்டுவந்து, ஒரு குடம் நிரம்ப எத்தனை நேரம் ஆகிறது என்று வாரம் ஒரு முறை பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். அன்றைக்குக் குட்டையில் நீர்மட்டம் எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். மட்டம் ஏறாமலே குடம் சீக்கிரம் நிரம்பினால், உள்ளே வழி பெரிதாகிக்கொண்டிருக்கிறது என்று அறியலாம்.

கலங்கலாக வந்தால் அது வேறு விஷயம். அந்த நீர் கரையின் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு வருகிறது. இப்படிப்பட்ட நேரத்தில் பதற்றத்தில் செய்யும் பெரிய தவறு, வெளியே நீர் வரும் வாயில் களிமண்ணை அப்பி அடைப்பது. உள்ளே அழுத்தம் ஏறி, நீர் பக்கத்தில் வேறு வாய் திறந்துகொண்டு, முன்பைவிட வேகமாக வரும். வெளி வாயை அடைக்கக்கூடாது. நீரை விட்டு மண்ணை மட்டும் நிறுத்த வேண்டும். அதற்கு முதலில் ஆற்று மணலையும், அதன் மேல் பொடி ஜல்லியையும், அதன் மேல் பெருங்கல்லையும் போட வேண்டும். நீர் வடிகட்டி வெளியே வரும், மண் நின்றுவிடும். சிறிது நேரத்தில் நீர் தெளிந்தால் வேலை பலித்தது என்று பொருள். மண்ணைக் கொப்பளித்துக்கொண்டு ஊற்றுப் போல எழும்பினால், அதைச் சுற்றி மணல் மூட்டைகளால் கிணற்றுத் தொட்டி போல் இரண்டடி வளையம் கட்டினால், உள்ளே நீர் ஏறி எதிர் அழுத்தம் கொடுக்கும்.

நீர்ப்புறத்தில், நீர் உள்ளே நுழையும் வாய் தெரிந்தால், அதை அடைப்பது சரிதான். சுழி போல் நீர் இழுபடும் இடம் அதுவாக இருக்கும். தார்ப்பாயை விரித்து அதன் மேல் களிமண் மூட்டைகளை இறக்கலாம். நீரில் இறங்குகிறவர் கயிறு கட்டிக்கொள்ளாமல் இறங்கக்கூடாது.

இவை எல்லாம் நேரம் வாங்குவதற்கான வழிகள். உண்மையான மருந்து நீர்மட்டத்தைக் குறைப்பதுதான். மோட்டார் வைத்து இறைக்கலாம். மின்சாரம் இல்லாவிட்டால், பெரிய ரப்பர் குழாயில் நீர் நிரப்பி, இரு முனையும் மூடி, கரைக்கு மேலாகப் போட்டு, வெளிமுனை குட்டையின் நீர்மட்டத்தைவிடத் தாழ்வாக இருக்குமாறு வைத்துத் திறந்துவிட்டால் தானே இழுக்கும். அவசரம் இல்லாத காலத்தில் ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் மட்டத்தை இறக்கக்கூடாது. நனைந்த உட்சரிவு தாங்கலாக இருந்த நீரை இழந்து சரிந்துவிடும்.

கரிசல் மண்ணில் ஒரு சங்கடம்

பீளமேடு, சூலூர் பக்கத்துக் கரிசல் மண் நீரைப் பிடித்து நிறுத்துவதில் சமர்த்து. நனைந்தால் பூரிக்கும், காய்ந்தால் சுருங்கும். சித்திரை வெயிலில் கரிசல் காட்டில் கை நுழையும் அளவு பாளம் வெடிப்பதை அறியாத விவசாயி இல்லை. கரையின் மேலும் அதே வெடிப்புதான். நிலத்தில் வெடித்தால் மழை நீர் உள்ளே இறங்க வழி என்று மகிழலாம். கரையில் குறுக்காக, நீர்ப்புறத்திலிருந்து வெளிப்புறம் வரை வெடித்தால், முதல் வெள்ளத்து நீர் அந்த வழியே புகுந்துவிடும். மண் பூரித்து வெடிப்பு மூடிக்கொள்வதற்குள் அரிப்புத் தொடங்கிவிடக்கூடும்.

வெடிப்பை மேலாகப் பூசி மூடுவதில் பயனில்லை. வெடிப்பு முடியும் ஆழம் வரை வெட்டித் திறந்து, ஈர மண்ணை அரையடி அரையடியாகப் போட்டுத் திமிசுக்கட்டையால் இடித்துக்கொண்டு மேலே வரவேண்டும். பின் கரையின் தலையிலும் சரிவிலும் ஓரடிக் கனத்துக்குச் செம்மண் சரளை போர்த்திவிட்டால், உள்ளே கரிசல் காயாது, வெடிக்காது.

மண்ணில் இன்னொரு சோதனையும் உண்டு, செலவில்லாதது. கரை மண்ணில் பட்டாணி அளவு கட்டி ஒன்றை, கண்ணாடித் தம்ளரில் மழை நீர் ஊற்றி மெதுவாக இட்டு, அசைக்காமல் பத்து நிமிடம் பார்க்க வேண்டும். கட்டி சரிந்து குவியலாகிச் சுற்றிலும் நீர் தெளிவாக இருந்தால் நல்லது. கட்டியைச் சுற்றிப் பால் கலந்தது போல் புகை பரவினால், அந்த மண்ணில் உவர் அதிகம். ஓடும் நீரில் சர்க்கரை போல் கரையும். அத்தகைய மண்ணால் கரை போடாமலிருப்பதே மேல். போட்டாகிவிட்டது என்றால், மேல் மண்ணில் ஜிப்சம் கலந்து இறுக்கி, மேலே நல்ல மண் போர்த்தலாம். எவ்வளவு கலப்பது என்பதை மண் பரிசோதனை நிலையத்தில் கேட்டுச் செய்வது நலம். கிணற்று நீரில் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது. அதில் கரைந்துள்ள உப்பு மண்ணின் குணத்தை மறைத்துவிடும்.

மரம், எலி, குழாய்

கரை மேல் மரம் இருந்தால் கரைக்குப் பலம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. அகன்ற ஏரிக்கரையில் பனை நிற்பதைப் பார்த்து வந்த எண்ணம் அது. ஏழெட்டு அடித் தலையுள்ள குட்டைக் கரைக்கு அது பொருந்தாது. வேர் ஈரத்தைத் தேடிக் கரையின் நடுவுக்கே போகும். மரம் பட்டுப்போனால் வேர் மக்கி, அந்த இடம் குழாயாக நிற்கும். பெருங்காற்றில் மரம் சாய்ந்தால் வேரோடு கரையில் பாதியையும் பெயர்த்துக்கொண்டு போகும். கைப்பருமனுக்குக் கீழே உள்ள செடிகளை ஈரம் இருக்கும்போதே வேரோடு பிடுங்கிவிடலாம். பெரிய மரமானால் குட்டை வறண்ட காலத்தில் வெட்டி, வேரைத் தொடர்ந்து தோண்டி எடுத்து, அந்தக் குழியை இடித்து இடித்து நிரப்ப வேண்டும். வெட்டி மட்டும் விட்டுவிடுவது, மரத்தை அப்படியே விடுவதைவிட மோசம்.

கரைக்கு ஏற்றது புல். அருகம்புல் படர்ந்து மண்ணைப் பாய் போல் மூடும். கொழுக்கட்டைப் புல் கொங்குக் கொறங்காடுகளுக்கு உயிர்நாடி, வறட்சியைத் தாங்கும். ஆனால் தூர் தூராக நிற்பதால் இடையில் மண் தெரியும். அருகுக்கு நடுவே அதுவும் இருந்தால் நல்லதுதான். புல்லை முழங்கால் உயரத்துக்கு மேல் விடாமல் அறுத்துவந்தால் மாட்டுக்குத் தீவனமும் ஆயிற்று, எலி வளையும் கண்ணுக்குத் தெரியும். ஆடு மேய்ந்தால் அதிகக் கெடுதல் இல்லை. மழை ஈரத்தில் மாடு ஏறி இறங்கினால் குளம்புக் குழிகளே ஓடையாகிவிடும்.

எலி, பெருச்சாளி, நண்டு, உடும்பு, கறையான் எல்லாமே கரையைத் தேடி வரும். வளையின் வாயில் கல்லைத் திணிப்பது வளைக்குக் கதவு போடுவதுதான்; உள்ளே வழி அப்படியே இருக்கும். வளை போகும் திசையில் முடிவு வரை தோண்டி, ஈரக் களிமண்ணை இடித்து நிரப்ப வேண்டும். தோண்ட முடியாத ஆழம் என்றால், களிமண்ணைக் கொஞ்சம் சிமெண்டோடு கூழாகக் கரைத்து, மேல் வாயில் ஊற்றி நிரப்பலாம். கறையான் புற்றை உடைத்துவிட்டால் போதாது. அடியில் அறை அறையாக வெற்றிடம் இருக்கும்.

இப்போது அதிகம் காணப்படும் கேடு குழாய். மோட்டாருக்கோ சொட்டு நீருக்கோ பி.வி.சி. குழாய் கொண்டுபோக, கரையை ஒரு முழ அகலம் வெட்டி, குழாயைப் பதித்து, மண்ணைத் தள்ளி மூடிவிடுகிறார்கள். குழாயின் வழவழப்பான பக்கத்தில் மண் ஒட்டுவதில்லை. அடியில் இடிக்கவும் முடியாது. நீர் குழாயின் உள்ளே போவதோடு அதன் வெளிப்பக்கத்தை ஒட்டியும் போகத் தொடங்கும். குழாயைக் கரைக்கு மேலாக எடுத்துப் போவது ஒன்றே பாதுகாப்பு. பழைய மதகுக் குழாயைச் சுற்றி ஈரம் தெரிந்தால், அதைத்தான் கரையில் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வண்டித் தடம் பற்றியும் ஒரு வார்த்தை. கந்தளாய்க் கரை உடைந்ததற்குச் சொல்லப்பட்ட காரணங்களில், கனரக வாகனங்கள் அதன் மேல் ஆண்டுக்கணக்கில் போனதும் ஒன்று. அது பழங்காலப் பெருங்கரை. குட்டைக் கரை மேல் கரும்பு லாரியும் தேங்காய் லாரியும் போவதற்கு இட்டேறி என்ற வழி ஒன்று இருக்கிறது.

ஆடிக் காற்றும் வண்டல் வெட்டும்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றைக் கோவைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் கிழக்கே சாயும் இடங்களில் கரை கிழக்குப் பக்கம் இருக்கும். காற்று மேற்கிலிருந்து வரும். அலை முழுதும் கரையின் மேல்தான் மோதும். முன்பெல்லாம் ஆடியில் குட்டையில் நீர் இருக்காது, அதனால் கவலையும் இல்லை. தென்மேற்குப் பருவத்து உபரி நீர் வந்து நிற்கும் ஆண்டுகளில் அலை அரித்து, நீர்மட்டத்தில் படிக்கட்டு வெட்டியது போல் செங்குத்துத் தெரியும். அந்த மட்டத்துக்கு மேலும் கீழும் இரண்டடிக்குக் கல் பதிக்க வேண்டும். கல்லுக்கு அடியில் சரளை இல்லாவிட்டால் அலை மண்ணை இடுக்கு வழியே உறிஞ்சிவிடும். கல்லுக்கு வழியில்லாதவர்கள் சம்பு, கோரையை நீரோரம் வளரவிடலாம்.

வண்டல் எடுப்பது நல்ல காரியம். ஆனால் பொக்லைன் வந்தால் நேரத்துக்கு வாடகை என்ற அவசரத்தில், கரை அடியிலிருந்தே வெட்டத் தொடங்குகிறார்கள். கரை உயரம் எட்டடி என்றால், அதன் உள் அடிவாரத்திலிருந்து பதினாறு அடியாவது தள்ளி வெட்ட வேண்டும். அடியில் உள்ள களிமண் படுகையைத் தாண்டிச் சரளை தெரியும் வரை ஆழம் வெட்டினால், கிணற்றுக்கு ஊற்று வரும் என்பது உண்மையே. ஆனால் கரைக்கு அருகே அப்படி வெட்டினால், அந்த ஊற்று கரைக்கு அடியில் புகுந்து வெளிப்புறம் எழும்.

கீழே இருப்பவருக்கு யார் பொறுப்பு?

மத்திய அரசின் அணை பாதுகாப்புச் சட்டம் 2021-ல் வந்தது. அது 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளுக்கும், 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவற்றில் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டவற்றுக்கும் பொருந்தும். பத்தடிக் குட்டைக்கு அந்தச் சட்டம் வராது. அதற்காகப் பொறுப்பே இல்லை என்றாகாது. 1868-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கு ஒன்று உலகெங்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக உள்ளது. ஓர் ஆலை முதலாளி தம் ஆலைக்காக நிலத்தில் நீர்த்தேக்கம் அமைத்தார்; நீர் அடியிலிருந்த பழைய சுரங்கக் குழிகள் வழியே இறங்கிப் பக்கத்துக்காரரின் சுரங்கத்தை நிரப்பிவிட்டது. தம் பக்கம் கவனக்குறைவு இல்லாதபோதும் முதலாளியே நஷ்ட ஈடு தரவேண்டும் என்பது தீர்ப்பு.

ஆறு ஆண்டு கழித்து, 1874-ல், சென்னை ரயில்வே கம்பெனி கார்வேட்டிநகரம் ஜமீன்தார் மேல் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. ஜமீனின் ஏரிகள் உடைந்து ரயில் பாதைக்குச் சேதம் ஏற்பட்டிருந்தது. இந்த நாட்டில் ஏரிகளைப் பேணுவது வழிவழியாக வந்த கடமை, சொந்த லாபத்துக்கான செயல் மட்டுமல்ல. ஆகவே கவனக்குறைவு நிரூபிக்கப்பட்டால்தான் ஜமீன்தார் பொறுப்பு என்று தீர்ப்பாயிற்று. ஜமீன்தார் தப்பினார். பொது ஏரிக்குச் சொன்ன அந்த விலக்கு, தன் தோட்டத்துக்காகத் தானே போட்ட குட்டைக்கும் கிடைக்கும் என்று எண்ணிவிட முடியாது. கிடைத்தாலும், கலிங்கில் மூட்டை அடுக்கியவரும், கலங்கல் கசிவைக் கண்டும் சும்மா இருந்தவரும் கவனமாக இருந்தோம் என்று சொல்வது கடினம். குட்டை நீர்மட்டமும் கசிவும் தேதியிட்டு எழுதிய ஒரு பள்ளிக்கூட நோட்டு, அப்படிப்பட்ட நேரத்தில் வக்கீலைவிட உதவும்.

புரட்டாசியில் ஒரு நாள்

கரை வேலைக்கு ஆண்டில் மூன்று நாள் ஒதுக்கினால் போதும். சித்திரையில் வெடிப்பு, வளை, பட்ட மரம் ஆகியவற்றைப் பார்த்துவிடலாம். முக்கியமான நாள் புரட்டாசிக் கடைசியில், வடகிழக்குப் பருவ மழைக்கு முன். அன்றைக்குக் கலிங்கும் அதன் கீழ்வழியும் முள், செடி இல்லாமல் இருக்கவேண்டும். பத்து மணல் மூட்டை, ஒரு வண்டி ஆற்று மணல், ஒரு வண்டி ஜல்லி, தார்ப்பாய் ஒன்று, மண்வெட்டி, கூடை, டார்ச் விளக்கு ஆகியவை கரைக்கு அருகே மேட்டில் இருக்கவேண்டும். குட்டைக்குள் அடி அளவு குறித்த கோல் ஒன்று நடவேண்டும். பள்ளத்தோரம் குடியிருப்பவர்களின் கைப்பேசி எண்களை எழுதிச் சாளைச் சுவரில் ஒட்டிவைப்பதும் அன்றைய வேலைதான். மூன்றாவது நாள் தையில்: மழைக்குப் பின் எங்கே சரிந்தது, எங்கே அமிழ்ந்தது என்று பார்ப்பது.

வெகுநாள் காய்ந்த குட்டைக்கு இந்த ஆண்டு நீர் வருவதாக இருந்தால், ஒரே மூச்சில் நிரப்பாமல், முடிந்தவரை பாதி உயரத்தில் ஒரு வாரம் நிறுத்திவைத்து, தினமும் இரு வேளை வெளிப்புற அடிவாரத்தில் நடந்து பார்த்த பிறகே மேலே ஏற்ற வேண்டும். வரத்து வாய்க்காலில் நீரைத் திருப்பிவிட ஒரு மடை இருந்தால்தான் இது முடியும். மழை இரவில் மட்டம் கலிங்கைத் தொட்டுவிட்டால் கரையருகே ஒருவர் விழித்திருக்க வேண்டும். கரை மேல் நிற்கக்கூடாது; ஓரத்து மேட்டில் நின்று விளக்கடித்துப் பார்க்கவேண்டும். கலங்கல் நீர் குபுகுபுவென்று வரத் தொடங்கினால், மூட்டையைத் தேடுமுன் பள்ளத்தோரத்தாருக்குப் போன் செய்யவேண்டும்.

கரையைத் தாமே திருத்த முடியாத நிலையில் உள்ளவர்களும், புதிதாகக் குட்டை எடுக்க விரும்புகிறவர்களும் வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தை அணுகலாம். அத்துறையில் புல்டோசர், மண் அள்ளும் இயந்திரங்கள் வாடகைக்குக் கிடைக்கின்றன. சிட்டா, அடங்கல், புல வரைபட நகல் ஆகியவற்றோடு, மேட்டில் எத்தனை ஏக்கர் நீர் குட்டைக்கு வருகிறது, கரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்ற இரண்டு விவரங்களையும் எழுதிக்கொண்டு போனால், பார்க்க வரும் பொறியாளருக்கு வேலை எளிது. கரை வேலைக்கு ஏற்ற காலம் மாசி, பங்குனி. அப்போதுதான் குட்டை வற்றியும் மண் முழுதும் காயாமலும் இருக்கும்.